சால்மன்பெர்ரி: பழுத்த சேதி சொன்னதும் வந்த கேள்விகள்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் சியாட்டில் பக்கம் வந்து 17 வருஷம் ஆகிறது. சனிக்கிழமைகளில் ஓடைக்கரைகளில் நாட்டுச் செடிகள் நடும் குழுவோடு போய் மண் கிளறுவது என் பொழுதுபோக்கு. அங்கே புதராக வளரும் ராஸ்பெர்ரி இனத்துக் காட்டுப் பழம்தான் சால்மன்பெர்ரி. போன வாரம் “சால்மன்பெர்ரி பழுத்துவிட்டது” என்று ஒரு வரி எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அக்கா, புதரைப் பார்த்ததும் இதுதான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிளாக்பெர்ரியும் இதுவும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. (பெல்வியூ)

இலையைப் பாருங்கள். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் இருக்கும். நுனியில் இருப்பதைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்தால், மீதி இரண்டும் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரி நிற்கும். என் பெண்ணுக்கு நாலு வயதில் சொல்லிக்கொடுத்தது, இன்றுவரை தப்பவில்லை. தண்டையும் பாருங்கள். முதிர்ந்த தண்டில் பழுப்புப் பொன்னிறப் பட்டை காகிதம் மாதிரி உரியும். முள் மெல்லியது, அடித்தண்டில்தான் அதிகம். பாதையோரத்தில் சட்டையைப் பிடித்து இழுக்கும் முரட்டு முள் என்றால், அது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து பரவிய ஹிமாலயன் பிளாக்பெர்ரி. பூவில் குழப்பமே இல்லை. மார்ச், ஏப்ரலில் ஐந்து இதழோடு அடர்ந்த ரோஜா நிறத்தில் பூத்தால் சால்மன்பெர்ரி. பிளாக்பெர்ரி அதற்கு ரொம்பப் பின்னால், வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூக்கும்.

இடமும் கைகாட்டும். ரெட் ஆல்டர் மரத்தடி, ஓடைக்கரை, ஈரம் காயாத சரிவு, இங்கெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்கும்.

சிலது மஞ்சளாகவும் சிலது சிவப்பாகவும் இருக்கிறதே, மஞ்சள் காயா? (ரெட்மண்ட்)

இல்லை. ஒரு புதர் ஆரஞ்சு மஞ்சளில் பழுக்கும், பக்கத்துப் புதர் மாணிக்கச் சிவப்பில் பழுக்கும். இரண்டும் பழம்தான். நிறத்தை விடுங்கள், விரலை நம்புங்கள். லேசாகத் தொட்டதும் நடுக்காம்பைச் செடியிலேயே விட்டுவிட்டுக் குல்லாய் மாதிரி கழன்று கையில் விழுந்தால் பழுத்தது. இழுக்க வேண்டியிருந்தால் நாளைக்கு வாருங்கள்.

சாப்பிட்டுப் பார்த்தேன், சப்பென்று இருந்தது. இதற்கா இவ்வளவு பேச்சு? (போர்ட்லாந்து)

நியாயமான கோபம். கடை ராஸ்பெர்ரியை மனதில் வைத்துக்கொண்டு வாயில் போட்டால் ஏமாற்றம்தான். இது தண்ணீர்ப் பழம். நுங்கு சாப்பிடும்போது இனிப்பு போதவில்லை என்று யாராவது குறை சொல்வோமா? அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, புதருக்குப் புதர் ருசி மாறும். மர நிழலில் இருப்பது பெரும்பாலும் சப்பை. கொஞ்சம் வெயில் விழும் விளிம்பில் இருப்பதில் தேன் வாசம் வரும். நாலைந்து புதரில் ஒவ்வொன்று தின்றுபார்த்து, நல்ல புதரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷத்துக்கு ஆகும். எல்லாவற்றுக்கும் மேல் இது முந்திக்கொள்ளும் பழம். மே மாதமே பழுக்கத் தொடங்கிவிடும். மற்ற காட்டுப் பழங்கள் பல அப்போது பிஞ்சாகத்தான் இருக்கும்.

ஜாம் போடலாமா? (சர்ரே)

போடலாம், பொறுமை இருந்தால். நான் ஒரு தடவை நாலு கப் பழத்தை வெல்லம், மிளகாய்த்தூள் போட்டுத் தொக்காகக் கிளறினேன். கிளறினேன், கிளறினேன், தண்ணீர் வற்றியபோது மிஞ்சியது ஒரு சின்னக் கிண்ணம், அதிலும் பாதி விதை. அன்றைக்கு ராத்திரி தோசைக்கே போதவில்லை.

இந்தக் கரையின் பூர்வகுடிகள் இதை எப்போதோ தெரிந்துவைத்திருந்தார்கள். மற்ற பழங்களை மசித்து அடையாகத் தட்டி, உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேமித்தவர்கள், இதைப் பறித்த கையோடு தின்றார்கள். உலர்த்த முடியாத அளவுக்கு ஈரம். சில குடிகளில் நல்ல புதர்க்கூட்டம் இன்ன குடும்பத்துக்குச் சொந்தம் என்ற உரிமைகூட இருந்தது. பழத்துக்கு முன்பே தளிரும் உணவுதான். வசந்தத்தில் மண்ணிலிருந்து கிளம்பும் இளந்தண்டைத் தோலுரித்துப் பச்சையாகவோ ஆவியில் வேகவைத்தோ தின்பார்கள், சால்மன் மீனோடும் மீன்சினையோடும். பெயர் அதனால் வந்தது என்பது ஒரு பேச்சு, பழமே சினை முத்துகள் மாதிரி இருப்பதால் என்பது இன்னொன்று. ஒரு பழத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் இரண்டாவதைத்தான் நம்பத் தோன்றும்.

கோத்தகிரியில் சின்ன வயதில் மஞ்சளாக ஒரு முள்செடிப் பழம் தின்போம். அது இதுதானா? (சான் ஹோசே)

தாவரவியல் பெயரில் சொன்னால், பெரும்பாலும் ரூபஸ் எலிப்டிகஸாக இருக்கும். அது நீலகிரி, கொடைக்கானல் பக்கமெல்லாம் உண்டு. சால்மன்பெர்ரி ரூபஸ் ஸ்பெக்டாபிலிஸ். ஒரே பேரினம், ஆகவே பங்காளிகள். ருசியில் உங்கள் ஊர்ப் பழத்துக்குத்தான் என் ஓட்டு.

புதருக்குள் ஒரு பறவை சுழன்று சுழன்று மேலே ஏறுகிற மாதிரி பாடுகிறது, ஆளையே காணோம். என்ன அது? (ஒலிம்பியா)

ஸ்வெய்ன்சன் த்ரஷ். தெற்கே மெக்சிகோ, தென் அமெரிக்கா வரை போய்க் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, பழம் பழுக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து சேரும். பூர்வகுடி மக்கள் அதை “சால்மன்பெர்ரிப் பறவை” என்றே அழைத்தார்கள். உருவம் தெரியாது, குரல்தான். பூக்கிற சமயத்துக்கு வருவது வேறு ஆள், செம்பு நிற ரூஃபஸ் தேன்சிட்டு. எங்கள் ஓடையில் முதல் பூவுக்கும் முதல் தேன்சிட்டுக்கும் சில நாள்தான் இடைவெளி.

மூன்றிலை என்றால் தொடாதே என்கிறார்களே, பயமாக இருக்கிறது. (யூஜீன்)

அது பாய்சன் ஓக், தொட்டால் தோல் அரித்துத் தடிக்கும் செடி. ஆரிகன், கலிஃபோர்னியாவில் கவனம் தேவைதான். அதற்கு முள் கிடையாது, இலை விளிம்பில் ரம்பப் பல்லும் கிடையாது, அலையாக வளைந்திருக்கும். சால்மன்பெர்ரி இலையில் பல் தெளிவாகத் தெரியும். தெளிவில்லை என்றால் கையை வைக்காதீர்கள். சாலையோரத்திலும் மின்கம்பி ஓடும் பாதையிலும் களைக்கொல்லி அடிப்பதுண்டு, அங்கே பறிக்க வேண்டாம். பூங்காவில் பறிக்குமுன் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள்.

வீட்டில் வளர்க்கலாமா அக்கா? பின்பக்கம் சின்ன இடம்தான். (பாத்தெல்)

சின்ன இடம் என்றால் வேண்டாம். மண்ணுக்குள் தண்டை ஓடவிட்டு, நாலே வருஷத்தில் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தித்துவிடும். ஈரச் சரிவோ, தண்ணீர் தேங்கும் மூலையோ இருந்தால் இதைவிட நல்ல செடி இல்லை, மண்ணை இறுக்கிப் பிடிக்கும். இலை உதிர்ந்த குளிர்காலத்தில், பென்சில் கனத்தில் ஒன்றரை அடிக் குச்சி வெட்டி, மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி முக்கால்வாசி மண்ணுக்குள் செருகுங்கள். தெரிந்தவர் தோட்டத்திலிருந்து கேட்டு வாங்குங்கள், பூங்காவிலிருந்து வேண்டாம். மாவட்ட மண்வளப் பாதுகாப்பு அலுவலகங்கள் குளிர்காலத்தில் நாட்டுச் செடிகளை மலிவாக விற்கும்.

ஊட்டியில் அம்மா வீட்டுக்கு விதை கொண்டுபோகலாமா? (வான்கூவர்)

தயவுசெய்து வேண்டாம். 1827-இல் இதை அழகுச்செடியாகப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள், இன்று அங்கே காடுகளில் தப்பிப் பரவியிருக்கிறது. மேலே சொன்ன நம் மஞ்சள் பழமும் ஹவாய்க்குப் போய்ப் பெரிய களையாகிவிட்டது. அம்மாவுக்குப் படம் அனுப்புங்கள்.

அக்கா, ரொறன்ரோவில இது கிடைக்குமோ?

கிடைக்காது தம்பி. அலாஸ்காவின் தென்கரையிலிருந்து வட கலிஃபோர்னியா வரை, கடல் ஈரம் எட்டுகிற மேற்குக் கரைக்குத்தான் இது சொந்தம். உங்கள் பக்கம் இதன் உறவு ஒன்று இருக்கிறது, ரூபஸ் ஓடோராட்டஸ். முள்ளில்லாத தண்டு, மேப்பிள் மாதிரி அகல இலை, ஊதா கலந்த ரோஜாப் பூ. ஜூலையில் காட்டோரமாகத் தேடிப்பாருங்கள். பழம் வறட்சியாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.