கார்டு உங்கள் பெயரில், செலவு மாமா கையில்

கேள்வி: எனக்கு வயது 31. தனியார் நிறுவனத்தில் பிடித்தம் போக மாதம் 68,000 ரூபாய் சம்பளம். இரண்டு கிரெடிட் கார்டுகள் உள்ளன. நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கும் முதல் கார்டின் வரம்பு 80,000. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கியதன் வரம்பு 1,20,000. இந்த இரண்டாவது கார்டில் மாமா (அக்காவின் கணவர்) தமது செல்போன் உதிரிபாகக் கடைக்கு மாதம் சுமார் 1,05,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறார். பணத்தைத் தந்துவிடுவார், சில மாதங்களில் நாலைந்து நாள் தள்ளிப்போகும். இரண்டு முறை மினிமம் டியூ (பில்லில் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும்தான் கட்ட முடிந்தது. 771 ஆக இருந்த என் சிபில் ஸ்கோர் இப்போது 704. வரம்பைக் கூட்டினால் ஸ்கோர் ஏறும் என்று நினைத்து ஐந்து மாதங்களில் மூன்று வங்கிகளில் புதிய கார்டு கேட்டேன். இரண்டு வங்கிகள் மறுத்துவிட்டன, ஒன்று பரிசீலனையில் உள்ளது. அடுத்த ஆண்டு 30 லட்சம் வீட்டுக் கடன் வாங்க வேண்டும். முன்பணத்துக்கு 9 லட்சம் வங்கி வைப்புநிதியில் (எஃப்.டி.) இருக்கிறது. அடுத்த விண்ணப்பத்துக்கு எத்தனை மாதம் இடைவெளி விட வேண்டும்? வைப்புநிதியின் பேரில் தரும் கார்டு வாங்கினால் ஸ்கோர் ஏறுமா?

பதில்: பொதுவாக இரண்டு கார்டு விண்ணப்பங்களுக்கு இடையே ஆறு மாதமாவது விடச் சொல்வேன். உங்களுக்கு அந்தக் கணக்கும் வேண்டாம். வீட்டுக் கடன் கைக்கு வரும்வரை எந்தக் கார்டுக்கும் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் வங்கி உங்கள் கடன் அறிக்கையைக் கேட்டுப் பார்த்ததற்கான பதிவை விட்டுச் செல்கிறது. ஐந்து மாதத்தில் மூன்று பதிவுகளையும், அவற்றைத் தொடர்ந்து புதிய கணக்கு எதுவும் தொடங்கப்படாததையும் பார்க்கும் நான்காவது வங்கி, மற்றவர்கள் மறுத்துவிட்டார்கள் என்பதைத் தானே ஊகித்துக்கொள்ளும்.

ஆனால் 67 புள்ளிகள் இறங்கியதற்கு இந்த விண்ணப்பங்கள் முதன்மைக் காரணமல்ல. உங்கள் கடிதத்தில் 'பணத்தைத் தந்துவிடுவார்' என்ற வரிதான் என் கண்ணில் பட்டது. பணம் வருகிறதா என்பது உங்களுக்கும் மாமாவுக்கும் இடையிலான விஷயம்; அது எந்தத் தேதியில் வருகிறது, பில்லில் எவ்வளவு நிற்கிறது என்பதை மட்டுமே சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனம் பார்க்கிறது.

கார்டு வரம்பில் எத்தனை விழுக்காடு நிலுவையாக நிற்கிறது என்பதும் ஸ்கோரைப் பாதிக்கும்; அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் சொந்தச் செலவு மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாமாவின் 1,05,000 ரூபாயைச் சேர்த்து மொத்த நிலுவை 1,17,000. இரண்டு லட்சம் வரம்பில் இது ஏறக்குறைய 58 விழுக்காடு. இரண்டாவது கார்டை மட்டும் எடுத்தால் 87 விழுக்காட்டுக்கு மேல். முப்பது விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது என்பது சட்டமல்ல, அனுபவத்தில் சொல்லும் அளவு. நீங்கள் ஆசைப்பட்டபடி ஒரு லட்சம் வரம்புள்ள மூன்றாவது கார்டு கிடைத்துவிட்டது என்றே கொள்வோம். அப்போதும் 39 விழுக்காடு. அதுவும் அந்தக் கார்டு மாமாவின் கண்ணில் படாதவரைதான். மாறாக, மாமாவின் செலவு நின்றால், புதிய கார்டே இல்லாமல் உங்கள் பயன்பாடு 6 விழுக்காடு.

நிலுவை குறைந்தால் அந்தப் பாதிப்பு பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். தாமதம் அப்படியல்ல. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, கடைசி தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் கார்டு நிறுவனம் அதைத் தாமதம் என்று தெரிவிக்கலாம், அபராதமும் விதிக்கலாம். மாமாவின் 'நாலைந்து நாள்' அந்த மூன்று நாளைச் சரியாகத் தாண்டி விழுகிறது. 2025 ஜனவரி முதல் வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது விவரங்களை அனுப்ப வேண்டும் என்பதால், முன்பு மாதக் கடைசிக்குள் கட்டி மறைந்துபோன சில நாள் தாமதங்கள் இப்போது சிக்குவதற்கு வாய்ப்பு அதிகம். சிபில் அறிக்கையில் 36 மாதம் வரையிலான கட்டண வரலாறு மாதவாரியாக இருக்கும். வீட்டுக் கடன் அதிகாரி அந்தக் கட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்.

மினிமம் டியூ கட்டிய மாதங்களில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 1,05,000 ரூபாய்க்கு 5 விழுக்காடு என்றால் 5,250 கட்டியிருப்பீர்கள். பல கார்டுகளில் உள்ள மாதம் 3.5 விழுக்காடு வட்டி 3,675 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறத்தாழ 4,300. கட்டியதில் அசலுக்குப் போனது ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. தவிர, வட்டியில்லாக் காலச் சலுகையும் போய்விடுவதால், அடுத்து எடுத்த சரக்குக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடியிருக்கும். அந்த வட்டியை மாமா தந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை.

இன்னொன்று உங்கள் கவனத்துக்கு வந்ததாகத் தெரியவில்லை. மாதம் 1,05,000 என்றால் ஆண்டுக்கு 12,60,000. ஒரு நிதியாண்டில் கார்டு பில்லுக்காக 10 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் வங்கி வழியாகக் கட்டினால், கார்டு நிறுவனம் அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். அந்தத் துறை உங்கள் பெயரில் வைத்திருக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் (ஏ.ஐ.எஸ்.) அது வரும். ஆண்டுக்கு 8,16,000 சம்பளம் வாங்குபவர் 12,60,000 பில் கட்டியது எப்படி என்று கேட்டால், 'மாமாவின் கடைச் சரக்கு' என்ற பதிலுக்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்?

ஆகவே இந்த மாதமே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வைப்புநிதியில் இருந்து 1,05,000 எடுத்து இரண்டாவது கார்டை முழுதாக அடையுங்கள். வைப்பை முன்கூட்டி உடைத்தால் போகும் வட்டி, கார்டு வட்டிக்கு முன் ஒன்றுமில்லை. அந்தத் தொகையை மாமாவுக்குத் தந்த கைமாற்றாக எழுதி, திருப்பித் தரும் தேதிகளோடு இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வங்கியிடம் கேட்டுக் கார்டைப் புதிய எண்ணில் மாற்றுங்கள். பிளாஸ்டிக்கைத் திரும்ப வாங்கினால் மட்டும் போதாது, மொத்த வியாபாரிகளின் தளங்களில் பழைய எண் சேமிக்கப்பட்டிருக்கும். ஓ.டி.பி.யைத் தொலைபேசியில் சொல்லும் வழக்கமும் அதோடு நிற்க வேண்டும். 'ஆட்-ஆன் கார்டு எடுத்துக் கொடு' என்று, அதாவது உங்கள் கணக்கிலேயே அவர் பெயரில் கூடுதல் கார்டு கேட்டாலும் வேண்டாம். அதன் பில்லுக்கும் நீங்களே பொறுப்பு.

பரிசீலனையில் உள்ள விண்ணப்பத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். அதற்குள் கார்டு வந்துவிட்டால் செயல்படுத்தாதீர்கள். 30 நாள் தாண்டியதும் வங்கி ஓ.டி.பி. மூலம் ஒப்புதல் கேட்க வேண்டும். நீங்கள் தராவிட்டால் ஏழு வேலை நாளுக்குள் கட்டணமின்றி அந்தக் கணக்கை மூட வேண்டும். செயல்படுத்தாத கார்டைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கவும் கூடாது.

வைப்புநிதிக் கார்டை இப்போது எல்லோரும் மருந்து போல விற்கிறார்கள். கடன் வரலாறே இல்லாதவருக்கு அது உதவும். நான்கு ஆண்டு வரலாறு உள்ள உங்களுக்கு, முன்பணத்தின் ஒரு பகுதியை முடக்குவதைத் தவிர அது வேறென்ன செய்யும்? முதல் கார்டை மட்டும் மூடாமல், சிறு செலவுகளுக்குப் பயன்படுத்தி முழுதாகக் கட்டி வாருங்கள்.

எட்டு, ஒன்பது மாதம் இப்படிச் சுத்தமாகப் போன பிறகு வீட்டுக் கடனுக்கு விண்ணப்பியுங்கள். பல வங்கிகள் ஸ்கோரைப் பார்த்தே வட்டியை நிர்ணயிக்கின்றன. 30 லட்சத்துக்கு 20 ஆண்டில் 8.5 விழுக்காடு என்றால் தவணை சுமார் 26,035 ரூபாய், 9 என்றால் 26,992. அரை விழுக்காட்டு வேறுபாடு 240 மாதங்களில் சுமார் 2,30,000 ரூபாய். மாமாவின் சரக்குக்கு நீங்கள் கொடுக்கும் விலை இது.

மாமாவின் தேவையும் பொய்யல்ல. கடை நடத்தச் சுழற்சிப் பணம் வேண்டும்தான். அதற்குச் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் கிஷோர் பிரிவு இருக்கிறது. பிணையின்றி 5 லட்சம் வரை கேட்கலாம், வட்டியும் கார்டைவிட மிகக் குறைவு, கடைக்கும் தன் பெயரில் ஒரு கடன் வரலாறு உருவாகும். இதைப் பேசும்போது அக்காவும் உடனிருக்கட்டும். மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் தம்பியின் கார்டில் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியுமா என்பதே உங்கள் கடிதத்தில் இல்லை.