முதல் பாட்டு கடைசியில்தான் முடியும்

கேள்வி: காலேஜ் நாட்களில் பிங்க் ஃப்ளாய்டு என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பம் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவன் நான். இப்போது போனில் போட்டால் இரண்டு நிமிடத்தில் அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுகிறேன். அந்தப் பழைய சந்தோஷம் இனி வருமா? (வாசகர், திருச்சி)

பதில்: வரும். எனக்கு வந்தது. ஆனால் இரண்டு நிமிடத்தில் வராது! முதல் பாட்டான ‘ஷைன் ஆன் யூ கிரேசி டைமண்ட்’டில் டேவிட் கில்மரின் கிட்டார் அந்த நாலு ஸ்வரத்தைச் சொட்டுவதே நாலாவது நிமிடத்தை ஒட்டித்தான். பாடும் குரல் வர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நீங்கள் தள்ளிவிடும் அந்த ஆரம்பத்தில், கீபோர்டுக்கு அடியில் மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்கும். கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்து எடுத்த ஒலி அது. வீட்டுச் சாமான்களை மட்டும் வைத்து ஒரு ஆல்பம் செய்யப் பார்த்துக் கைவிட்டார்கள். அதில் மிஞ்சியது இங்கே வந்து சேர்ந்தது.

இந்தக் காத்திருப்புக்குக் காரணம் இருக்கிறது. பாட்டு சிட் பாரெட்டைப் பற்றியது. குழுவின் முதல் பாடகர், பாட்டெழுதியவர். மனநிலை குலைந்து 1968-ல் விலகியவர். 1975 ஜூனில் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் இதே ஆல்பம் உருவாகிக்கொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த ஒரு பருத்த மனிதர் உள்ளே வந்தார். அது சிட் என்று கூட வாசித்தவர்களுக்கே முதலில் தெரியவில்லை. இதைத் தெரிந்துகொண்டு கேட்டுப் பாருங்கள், அந்த நாலு ஸ்வரமும் வேறு மாதிரி இறங்கும்.

ஷஃபிளை அணைத்துவிடுங்கள். மொத்தம் ஐந்து பாட்டு, சுமார் 44 நிமிடம். முதல் பாட்டைப் பாதியில் நிறுத்தி, நடுவில் மூன்று பாட்டு வைத்து, மீதியைக் கடைசியில் கொடுத்திருக்கிறார்கள். வரிசை குலைந்தால் ஆல்பமே இல்லை என்பது என் கட்சி. கடைசி நொடிகளில் ரிச்சர்ட் ரைட்டின் கீபோர்டைக் கவனியுங்கள்: சிட் எழுதிய ‘சீ எமிலி ப்ளே’ மெட்டு லேசாக எட்டிப் பார்த்துவிட்டு மறையும். எத்தனையோ வருஷம் கேட்டும் என் காதில் படாமல் இருந்தது இது. பட்ட அன்று எழுந்து நின்றுவிட்டேன்.

கேள்வி: ஹெட்போனா, ஸ்பீக்கரா? (அதே வாசகர்)

பதில்: இதற்கு ஹெட்போன்தான். மூன்றாவது பாட்டான ‘ஹாவ் எ சிகார்’ முடியும் இடத்தில் மொத்த சத்தமும் சட்டென்று ஒரு சின்ன ரேடியோவுக்குள் சுருங்கும். யாரோ ஸ்டேஷன் மாற்றுகிறார். ரேடியோவில் பன்னிரண்டு கம்பி கிட்டார் ஒன்று சன்னமாக ஒலிக்கிறது. அப்புறம் ஒரு இருமல், ஒரு மூக்குறிஞ்சல், உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி. அந்த ஆள் தன் கிட்டாரை எடுத்து ரேடியோவோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்குகிறார். ஸ்பீக்கரில், மின்விசிறி ஓடும் அறையில், அந்த இருமல் போயே போச்சு.

கேள்வி: என் மகள் கிட்டார் கற்கிறாள். இதில் எதிலிருந்து தொடங்கலாம்? (வாசகி, மதுரை)

பதில்: நான் மேலே சொன்ன அந்த ரேடியோ கிட்டார்தான், தலைப்புப் பாட்டின் தொடக்கம். இ மைனர் 7, ஜி, ஏ 7 சஸ் 4 என்று மூன்று கார்டுதான் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு). விரல் பழகியதும் இரண்டாவது கிட்டாரை வாசிக்க ஒரு தோழியைக் கூப்பிடச் சொல்லுங்கள்.