சாகுவாரோ கள்ளியில் மரங்கொத்தி துளை போட்டால் செடி அழுகிவிடாதா?

பெரும்பாலும் அழுகாது. அரிசோனாவிலும் வடமேற்கு மெக்சிகோவிலும் விரியும் சோனோரா பாலைவனத்தில், துளைகளோடு நன்றாக வாழும் முதிர்ந்த சாகுவாரோக்கள் சர்வசாதாரணம்.

கீலா மரங்கொத்தி சதையைக் குடைந்ததும், ஈரம் வெளியேறாதபடி செடி காயத்தைச் சுற்றித் தக்கை போன்ற திசுவை வளர்க்கிறது. அது காய்ந்து இறுக மாதக்கணக்காகும். அதன் பிறகுதான் பறவை உள்ளே முட்டையிடும். அது காலி செய்த பொந்தில் குட்டி எல்ஃப் ஆந்தை குடியேறும். செடி செத்துச் சதை மக்கினாலும் இந்தப் பொந்தின் ஓடு மட்டும் சுரைக்குடுக்கை மாதிரி முழுசாகக் கிடக்கும். அந்தப் பாலைவனத்தின் பழங்குடிகளான தோஹோனோ ஓதம் மக்கள் அதைப் பாத்திரமாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். தண்டுக்குள் இருக்கும் நீண்ட மரக்கம்புகளும் வீணாவதில்லை. அவற்றை இணைத்துத் துறட்டி கட்டி, ஜூன், ஜூலையில் உச்சிப் பழங்களைப் பறிப்பார்கள். பழக்கூழை வேகவைத்து வடிகட்டிச் சுண்டக் காய்ச்சினால் அருமையான பாகு.

கில்டட் ஃபிளிக்கர் என்ற மரங்கொத்திதான் கொஞ்சம் ஆபத்து. உச்சிக்கு அருகே பெரிதாகக் குடைந்து கம்புகளையும் வெட்டிவிடும்.

துளை உலர்ந்து பழுப்பாக இருந்தால் தொடவே வேண்டாம். கறுப்பாகக் கசிந்து நாற்றமடித்தால் அது பாக்டீரியா அழுகல். சிறிய இடமென்றால், நல்ல சதை தெரியும்வரை சுத்தமான கத்தியால் தோண்டி எடுங்கள். 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து கழுவுங்கள். கீழ் விளிம்பு வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும், மழைநீர் தேங்கக் கூடாது. சிமெண்டோ தாரோ வைத்து அடைத்துவிடாதீர்கள். ஈரம் உள்ளேயே சிக்கி அழுகல் இன்னும் வேகமாகப் பரவும்.