ரத்தக்குழாய் ‘வீக்கத்துக்கு’ என்சைம் மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. சேலம் அம்மாபேட்டையில் தறி ஓட்டியவர், நாற்பது வருடமாகப் பீடி. சிறுநீரகக் கல்லுக்கு ஸ்கேன் எடுத்தபோது வயிற்றில் பெரிய ரத்தக்குழாய் 4.2 செ.மீ. வீங்கியிருப்பது தெரிந்தது. வலி இல்லை. ஏதோ என்சைம் சுவரை அரிக்கிறது என்றார் டாக்டர். மருந்துக்கடையில் வீக்கத்துக்குத் தரும் என்சைம் மாத்திரை உதவுமா? டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் அந்த என்சைமைத் தடுக்கும் என்றும் படித்தேன். வரும் திருவிழாவுக்கு ஏற்காடு சேர்வராயன் கோயிலுக்கு அழைத்துப்போகலாமா?

பதில்: இரண்டு மாத்திரையும் வேண்டாம். ஏற்காட்டுக்குத் தாராளமாகப் போகலாம்.

குழப்பமே ‘வீக்கம்’ என்ற சொல்லால் வருகிறது. சுளுக்கிய காலில் நீர் கோத்து வீங்கும், பிறகு வடிந்துவிடும். அப்பாவின் மகாதமனியில், அதாவது அந்தப் பெரிய ரத்தக்குழாயில், வடிவதற்கு எதுவும் இல்லை. ஏறக்குறைய 2 செ.மீ. இருக்க வேண்டிய குழாய், பழைய எலாஸ்டிக் போலத் தொய்ந்து அகன்றிருக்கிறது. 3 செ.மீ. தாண்டினாலே அதை அனூரிசம் என்போம்.

குழாய்ச் சுவரில் இரண்டு புரத இழைகள் முக்கியம். எலாஸ்டின் ஒவ்வொரு துடிப்புக்கும் நீண்டு சுருங்கும், கொலாஜன் கிழியாமல் பிடித்துக்கொள்ளும். இவற்றை வெட்டும் என்சைம்களுக்கு மேட்ரிக்ஸ் மெட்டல்லோபுரோட்டினேஸ் என்று வாயில் நுழையாத பெயர், சுருக்கமாக எம்எம்பி. தலைப்பிரட்டையின் வால் எப்படிக் கரைகிறது என்று தேடியபோதுதான் 1962-ல் இந்தக் குடும்பத்தின் முதல் என்சைம் பிடிபட்டது.

அவை கெட்டவை அல்ல. சிக்கு விழுந்த இழையை வெட்டி எடுக்காமல் புது இழையைப் பிணைக்க முடியுமா? அப்பாவைக் கேளுங்கள். காயம் ஆறவும், புது ரத்தக்குழாய் முளைக்கவும், கர்ப்பத்தில் கருப்பைத் தமனிகள் அகலவும் அந்த வெட்டு தேவை. அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் தடுப்புப் புரதங்களும் உடம்பிலேயே உண்டு. பீடிப் புகை இந்தக் கணக்கைக் கெடுக்கிறது. சுவருக்குள் வெள்ளணுக்கள் குவிந்து எம்எம்பி-9 போன்றவற்றைக் கொட்டுகின்றன. வெட்டு கூடுகிறது, பின்னல் தொடர முடிவதில்லை. எலாஸ்டினை உடம்பு பெரும்பாலும் சிறுவயதில்தான் நெய்கிறது, 67 வயதில் போனது போனதுதான்.

அப்படியானால் என்சைமைத் தடுத்தால் போதுமே என்ற உங்கள் யோசனை தப்பில்லை. எலிகளில் டாக்சிசைக்ளின் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிறிய அனூரிசம் உள்ள 250-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு தினம் இரண்டு வேளை 100 மி.கி. வீதம் இரண்டு வருடம் கொடுத்தும் வளர்ச்சி குறையவில்லை. கடையில் தரும் என்சைம் மாத்திரையோ புரதத்தை வெட்டும் ரகம்தான். அது தொய்ந்த சுவரைச் சுருக்காது.

செய்ய வேண்டியது வேறு. பீடியை நிறுத்த வேண்டும், ‘குறைத்துவிட்டேன்’ என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும். கொலஸ்ட்ரால் மாத்திரை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். 4.2 செ.மீ.க்கு வருடம் ஒருமுறை அல்ட்ராசவுண்ட் போதும். 5.5 செ.மீ.யை எட்டினால், அல்லது வேகமாக வளர்ந்தால், அறுவை சிகிச்சையோ உள்ளே ஸ்டென்ட் வைப்பதோ பற்றிப் பேசலாம்.

அப்புறம் இன்னொன்று. கல் இருப்பவருக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் எழுதுவது வழக்கம். மகாதமனி அகன்றவர்களுக்கு, வேறு மருந்து இருக்கும்போது இவை வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. யார் மருந்து எழுதினாலும் அனூரிசம் இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். அப்பாவின் கூடப்பிறந்தவர்களுக்கும் ஒரு ஸ்கேன் எடுப்பது நல்லது.

மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளால் குழாய்க்கு ஆபத்தில்லை, நடக்கவும் செய்யலாம். மூட்டை தூக்க மட்டும் விடாதீர்கள். திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி, வியர்வை, மயக்கம் வந்தால் வாயுப்பிடிப்பு என்று சோடா கொடுத்துக்கொண்டிராமல் உடனே 108-ஐ அழையுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் கையோடு இருக்கட்டும்.