வினைக்கு வால் உண்டா?

அன்புள்ள ஐயா,

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். மகன் ஆறாம் வகுப்பு. ஆங்கிலத்தில் கதை சொன்னால் நன்றாகப் புரிந்துகொள்கிறான். அவன் பேசும்போதுதான் 'ஹி கோ', 'ஷி கம்' என்று வருகிறது. பள்ளியில் கேட்டேன். "இலக்கணமே வேண்டாம், கேட்டுக் கேட்டுத் தானாக வரும். குழந்தை தாய்மொழியை இலக்கணம் படித்தா கற்றது?" என்கிறார்கள். நான் இலக்கணத்தை உருப்போட்டு பி.ஏ. வரை தேறியவள். இன்றும் ஆங்கிலத்தில் வாய் திறக்கப் பயம். நம் வீட்டுப் பேச்சுக்கோ இலக்கணமே கிடையாது. அது அவனைக் குழப்புமோ என்று வீட்டில் தமிழ் பேசுவதைக் குறைத்துவிட்டோம். அவனுக்கு நான் இலக்கணம் சொல்லித்தரலாமா? என்ன புத்தகம் வாங்கலாம்? உச்சரிப்புக்குத் தனி வகுப்பு வேண்டுமா?

ர.

அன்புள்ள ர.,

உச்சரிப்பு வகுப்பு வேண்டாம். புத்தகத்தைப் பிறகு பார்ப்போம். வீட்டில் தமிழைக் குறைத்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

நம் வீட்டுப் பேச்சுக்கு இலக்கணம் கிடையாது என்று உங்களுக்கு யார் சொன்னது? உங்கள் மகன் 'மாமா வந்தாவ' என்பான், 'தம்பி வந்தான்' என்பான். தவறிக்கூட 'தம்பி வந்தாவ' என்று சொல்லமாட்டான். பெரியவருக்கு ஒரு விகுதி, சின்னவனுக்கு ஒரு விகுதி என்று மூன்று வயதிலேயே அவன் நாக்கு பிரித்து வைத்திருக்கிறது. இலக்கணம் என்பது வேறென்ன? அந்தப் பேச்சைப் போய் அடைத்து வைத்திருக்கிறீர்கள். ஆங்கிலத்துக்கு அவன் ஏறிப்போக வேண்டிய படி அது. இன்று ராத்திரியே திறந்துவிடுங்கள்.

'தாய்மொழியை இலக்கணம் படித்தா கற்றது?' என்ற கேள்வி சாமர்த்தியமாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளை வீட்டில் நாளுக்கு ஐந்து மணி நேரம் பேச்சு கேட்டால், ஐந்து வயதுக்குள் 9,000 மணி நேரத்துக்கு மேல். பள்ளியில் ஆங்கில வகுப்பு 40 நிமிடம். வருஷத்துக்கு 200 நாள் என்றால் 133 மணி நேரம். தாமிரபரணியில் நீந்தக் கற்பதும் வாளித் தண்ணீரில் நீந்தக் கற்பதும் ஒன்றாகுமா?

சரி, ஆற்றிலேயே கிடந்தாலும் எல்லாம் வந்துவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. இது எனக்கு என் ஆச்சியால் தெரியும்.

அம்மாவைப் பெற்ற ஆச்சி செங்கோட்டைக்காரி. 1956 நவம்பரில் தமிழ்நாட்டோடு சேரும்வரை அது திருவிதாங்கூர் மண். வாரத்துக்கு இரண்டு நாள் கத்திரிக்காயும் சின்ன வெங்காயமும் கூடையில் கட்டி, மீட்டர் கேஜ் ரயிலேறி ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போய் விற்றுவருவாள். முப்பது வருஷம். மலையாளம் சரளமாகப் பேசுவாள், பேரம் பேசுவாள், சண்டையும் போடுவாள். ஆனால் 'ஞான் வந்நேன்' என்பாள், 'அவள் பறஞ்ஞாள்' என்பாள். காய் வாங்குகிறவர்களுக்குப் புரிந்துவிடும். யாரும் திருத்தவில்லை. மெல்லச் சிரித்துவிட்டுக் காய் வாங்கிக்கொண்டு போவார்கள்.

எனக்குப் பதின்மூன்று வயதில் லீவுக்குப் போனபோது கூடை தூக்கக் கூடப் போனேன். வாடிக்கைக்கார அம்மாள் ஒருத்தர், டீச்சர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "உங்கள் தமிழில் வினைக்கு வால் உண்டு. மலையாளத்தில் இல்லை. ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு." அவ்வளவுதான். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

திரும்பும் ரயிலில் ஆச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "முப்பது வருசமா என் சேலையப் பாத்துத்தான் சிரிக்காளுவன்னுல்லா நெனச்சேன்."

ர., இந்த வாக்கியத்தை இத்தனை வருஷமாக என்னால் இறக்கிவைக்க முடியவில்லை. ஒரு நிமிஷத்தில் சொல்லக்கூடிய ஒன்றை யாரும் சொல்லாததால் ஒரு மனுஷி முப்பது வருஷம் தன் கிழிசலை நினைத்துக் கூசியிருக்கிறாள். 'இலக்கணம் வேண்டாம், தானாக வரும்' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ரயில் பெட்டிதான் ஞாபகம் வருகிறது.

மறுவாரமே எல்லாம் சரியாகிவிடவில்லை. பாதி நேரம் வால் ஒட்டிக்கொண்டுதான் வந்தது. ஆனால் ஒட்டியதும் அவளுக்கே தெரிந்துவிடும், நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்திச் சொல்வாள். இலக்கண விதி பேச்சைக் கொடுத்துவிடாது. தன் தவறு தன் காதில் விழ வைக்கும். கனடாவிலும் இதைத்தான் பார்த்தார்கள். 1965இல் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் முழுவதையும் பிரெஞ்சிலேயே நடத்தத் தொடங்கினார்கள். அந்த முறை பரவியது. அப்படி வருஷக்கணக்காகப் படித்த பிள்ளைகள் பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். பேச்சில் மட்டும் வினைவடிவத் தவறுகள் போகவே இல்லை. என் ஆச்சியைப் போல.

அப்படியானால் உங்களுக்கு ஏன் ஆங்கிலம் வரவில்லை? உங்களுக்கு விதி முதலில் வந்துவிட்டது. அது போய் ஒட்டுவதற்குக் கேட்ட மொழி உள்ளே இல்லை. ஆச்சிக்கு உள்ளே முப்பது வருஷ மலையாளம் இருந்தது, அதனால் ஒரு வரி போதுமானதாக இருந்தது. இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. பயப்படவும் வேண்டாம். உங்கள் மகனுக்குக் கதை புரிகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் அவனுக்கு இதுதான் வேளை.

ஒன்று மட்டும் கேளுங்கள். அந்த இலக்கணத்தை ஆங்கிலத்திலேயே சொல்லித்தராதீர்கள். நம் பேச்சோடு பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நம் சீமை இதற்குப் பேர்போனது. புன்னைக்காயலில் இருந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் அன்றிக் அடிகளார் 16ஆம் நூற்றாண்டிலேயே தமிழ் வினைகளைத் தனக்குத் தெரிந்த லத்தீன் முறையில் அடுக்கி இலக்கணம் எழுதினார். தனக்குப் பின் வருகிறவர்களும் கற்றுக்கொள்ளட்டும் என்று. இடையன்குடியில் வாழ்ந்து அங்கேயே அடங்கியிருக்கும் கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளை ஒப்பிட்டு எழுதியதில், மலையாள வினைகள் இந்த விகுதிகளை இழந்துவிட்டதைக் குறித்து வைத்திருக்கிறார். புனலூர் டீச்சர் சொன்ன அதே வால்.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது மகனைச் சொல்லச் சொல்லுங்கள்: நான் போறேன், நீ போறே, அவன் போறான், அவ போறா, மாமா போறாவ, மாடு போகுது. ஆளுக்கொரு வால். பிறகு ஆங்கிலத்தில்: ஐ கோ, யூ கோ, வி கோ, தே கோ. வாலே இல்லை. ஹி, ஷி, இட் வரும்போது மட்டும் 'கோஸ்'. அந்த ஒரு 'ஸ்'தான் மிச்சம். அவனே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள். மாமாவுக்கும் தம்பிக்கும் ஒரே 'ஹி'தானா என்று அவன் கேட்பான். கேட்டால் சந்தோஷப்படுங்கள். மறுநாள் 'வென்ட்' சொல்லிக்கொடுங்கள். ஐ வென்ட், யூ வென்ட், ஹி வென்ட் என்று எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதை அவன் கவனித்ததும் செங்கோட்டை ஆச்சியின் கதையைச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் கழித்து, அவன் பேசியதில் பத்து வாக்கியங்களைத் திருத்தாமல் அப்படியே எழுதி அனுப்புங்கள். என்ன புத்தகம் வேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்லமுடியும்.