புதுப்பித்த எஞ்சினில் ஆயில் அழுத்தம் ஏன் குறைகிறது?

கேள்வி: என் காரின் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை முழுவதும் பிரித்துப் புதுப்பித்தோம். கிராங்க்சாஃப்டை 0.25 மி.மீ. கிரைண்டிங் செய்து, புதிய பேரிங்குகளும் புதிய ஆயில் பம்பும் போட்டோம். குளிர்ந்த நிலையில் டாஷ்போர்டு கேஜ் 4 பார் காட்டுகிறது. நன்றாகச் சூடேறிய பின் ஐடிலிங்கில் 0.4 பார்தான், எச்சரிக்கை விளக்கும் மினுங்குகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றில்கூட 1.3 பாரைத் தாண்டவில்லை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் சரியாகிவிடும், இல்லையென்றால் கெட்டியான ஆயில் ஊற்றிக்கொள்ளலாம் என்கிறார் மெக்கானிக். அப்படியே ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். காரணம் தெரியும்வரை அந்த எஞ்சினை ஓட்டாதீர்கள். ஓட ஓடப் படிந்து சரியாவது பிஸ்டன் ரிங்குகள். பேரிங் இடைவெளியோ ஓட ஓடக் கூடுமே தவிரக் குறையாது. கெட்டியான ஆயில் கேஜின் முள்ளை உயர்த்தும், குறையை மறைக்கும். தேய்ந்த பழைய எஞ்சினில் அதைச் செய்வதை ஓரளவு புரிந்துகொள்ளலாம். இவ்வளவு செலவழித்துப் புதுப்பித்த எஞ்சினுக்கு அது அநியாயம்.

ஆயில் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால்தான் நீர் பீய்ச்சி அடிக்கும். எஞ்சினில் அந்த விரலின் வேலையைச் செய்வது பேரிங்குகளின் மெல்லிய இடைவெளி. ஆகவே அழுத்தம் குறைகிறது என்றால் மூன்றில் ஒன்று நடக்கிறது: பம்புக்குப் போதிய ஆயில் வரவில்லை, பம்பே ஆயிலைத் திருப்பிவிடுகிறது, அல்லது ஆயில் எங்கோ எளிதாக வெளியேறுகிறது.

எதையும் பிரிக்கும் முன் ஆயில் அழுத்தச் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி அளந்துவிடுங்கள். டாஷ்போர்டு கேஜை நம்பி எஞ்சினை இறக்கியவர்கள் பலர். உங்கள் விளக்கும் மினுங்குவதால் இது பொய்யான அளவாக இருக்காது என்றே நினைக்கிறேன். அந்த விளக்கின் சுவிட்ச் பொதுவாக 0.3 முதல் 0.5 பாருக்குள்தான் இயங்கும். சூடான எஞ்சினுக்கு ஆயிரம் சுற்றுக்குச் சுமார் 0.7 பார் என்பது பழைய கைக்கணக்கு. அதன்படி 3000 சுற்றில் 2 பாராவது வர வேண்டும். உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. டிப்ஸ்டிக்கை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது. மாற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

இனி நீங்கள் தந்த எண்களுக்கு வருகிறேன். உறிஞ்சும் பக்கத்தில் குறை இருந்தால், அதாவது சிலிகான் பசைத் துணுக்குகள் பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் உள்ள வடிகட்டியான ஸ்ட்ரெய்னரை அடைத்திருந்தால், தடித்த ஆயிலை இழுக்கத்தான் பம்ப் அதிகம் திணறும். சுற்று கூடும்போது அழுத்தம் விழும். உங்களுக்கு நடப்பது நேர்மாறு. ஸ்ட்ரெய்னர் குழாயின் ஓ-ரிங் நசுங்கி பம்ப் காற்றை இழுத்தால் முள் நடுங்கும். சந்தேகம் இருந்தால் ஒரு லிட்டர் ஆயில் கூடுதலாக ஊற்றிச் சில நிமிடங்கள் மட்டும் ஐடிலிங்கில் பாருங்கள். ஆயில் மட்டம் உயர்ந்து காற்றுப் புகும் இடம் மூழ்கினால் அழுத்தம் கூடிவிடும். சோதனை முடிந்ததும் கூடுதல் ஆயிலை மறக்காமல் வடித்துவிடுங்கள். அழுத்தம் மிகும்போது ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு, துகள் சிக்கித் திறந்தே நின்றிருந்தால் குளிரிலும் 4 பார் வந்திருப்பது கடினம். ஆனாலும் கழற்றிப் பார்ப்பது எளிது. அதன் பிஸ்டன் தடையின்றி வழுக்க வேண்டும்.

என் சந்தேகம் பேரிங் இடைவெளியின் மீதுதான். ஜர்னல் என்பது பேரிங்குக்குள் சுழலும் கிராங்க்சாஃப்டின் பகுதி. 50 மி.மீ. விட்டமுள்ள ஜர்னலுக்கு ஏறத்தாழ 0.05 மி.மீ. இடைவெளி என்பது பொதுவான கணக்கு. கிரைண்டிங்கில் 0.03 மி.மீ. கூடுதலாக எடுபட்டு இடைவெளி 0.08 ஆகிவிட்டது என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் வராமல் போகலாம். ஆனால் இடைவெளி வழியே கசியும் அளவு அதன் கனத்துக்கு (மும்முறைப் பெருக்கத்துக்கு) ஏற்பக் கூடும். 0.08 என்பது 0.05-ஐப் போல 1.6 மடங்கு, 1.6 × 1.6 × 1.6 என்று பெருக்கினால் 4-ஐத் தாண்டுகிறது. அதாவது அந்தப் பேரிங்குகளில் நான்கு மடங்கு ஆயில் கசியும். குளிர்ந்த ஆயிலின் தடிமன் இதை மறைத்துவிடும். சூடேறி இளகியதும் உண்மை வெளியே வரும். உங்கள் எஞ்சினின் நடத்தை இதோடு அப்படியே பொருந்துகிறது.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. பிளாக்கைச் சுத்தம் செய்ய, அதனுள் ஆயில் ஓடும் பாதையான ஆயில் கேலரியின் முனைகளை மூடும் அடைப்புகளை (பிளக்குகளை) கழற்றுவார்கள். ஒருமுறை என்னிடம் வந்த எஞ்சினில், டைமிங் கவருக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஒரு அடைப்பு திரும்பப் போடப்படாமலே இருந்தது. கசிந்த ஆயில் நேராக எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் விழுந்ததால் வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியவில்லை. அதற்குள் அவர்கள் இரண்டு பம்ப் மாற்றியிருந்தார்கள்.

எஞ்சினை முழுவதும் பிரிக்காமலே இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி இருக்கிறது. சம்ப்பைக் கழற்றிவிட்டு, ஆயில் நிரப்பிய ஒரு அழுத்தத் தொட்டியிலிருந்து சென்சார் துளை வழியே 2 முதல் 3 பாரில் ஆயிலைச் செலுத்துங்கள். கிராங்கை மெதுவாகக் கையால் சுற்றியபடியே கீழிருந்து பாருங்கள். நல்ல பேரிங்கிலிருந்து ஆயில் சொட்டும். குறையுள்ள இடத்திலிருந்து தாரையாக ஊற்றும். கிராங்கின் ஆயில் துளை ஒரு நிலையில் நேர்ப்படும்போது சற்று அதிகமாக வருவது இயல்பு. எந்த நிலையிலும் நிற்காத தாரையையே தேடுங்கள். பேரிங்குகள் எல்லாம் அளவாகச் சொட்டி, முன்பக்கம் மட்டும் கொட்டினால், போடாமல் விடுபட்ட அடைப்பைத் தேட வேண்டியதுதான்.

பேரிங்கில்தான் குறை என்று தெரிந்தால் பேரிங்கை மூடிப் பிடிக்கும் கேப்பைக் கழற்றி, ஜர்னலைத் துடைத்துப் பிளாஸ்டிகேஜ் என்ற, நசுங்கி இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழையை வைத்து, கையேடு குறிப்பிடும் டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்கி, கிராங்கைச் சுற்றாமல் மீண்டும் கழற்றி, நசுங்கிய அகலத்தை அளவுகோலோடு ஒப்பிடுங்கள். பேரிங்கின் முதுகில் 0.25 என்று பொறித்திருக்கிறதா, ஆயில் துளையுள்ள பாதி உரிய பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஃபில்டரையும் வெட்டித் திறந்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத வெள்ளி அல்லது செம்பு நிறத் துகள்கள் மினுங்கினால் பேரிங்குகள் ஏற்கெனவே அரிபட்டுவிட்டன. அவற்றை மாற்றாமல் வழியில்லை.

கிரைண்டிங் செய்த பட்டறையிடம் ஒவ்வொரு ஜர்னலின் அளவையும் மைக்ரோமீட்டரில் எடுத்து எழுதித் தரும்படி கேளுங்கள். மறுபடி பூட்டிய பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷனையும் எரிபொருளையும் துண்டித்து, ஸ்டார்ட்டரால் மட்டும் எஞ்சினை இடைவெளி விட்டு விட்டுச் சுற்றுங்கள். மெக்கானிக்கல் கேஜில் முள் எழுந்து நின்ற பிறகே எஞ்சினை இயக்குங்கள்.