ஆதாரம் கேட்கும் பண்டாரவளை வாசகருக்கு

கேள்வி: சென்ற இதழில் தொடங்கிய தொடர்கதையில், 1944இல் பேராதனையில் இருந்த பட்டாளத்து ஆண்கள் இருவர் ஒருவரையொருவர் காதலித்ததாக வருகிறது. இப்படி நடந்ததற்கு என்ன ஆதாரம்? வெள்ளைக்காரன் நாட்டுச் சீர்கேட்டை ஏன் மலையகத்துக்குள் கொண்டுவருகிறீர்கள்? சம்பளப் பிரச்சினையும் லயத்துப் பிரச்சினையும் எழுதித் தீர்ந்துவிட்டனவா? இனி எனக்கு இதழ் அனுப்ப வேண்டாம்.
– ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: ஆதாரம் என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

கதையில் வரும் இருவரும் கற்பனை. இடமும் காலமும் கற்பனையல்ல. 1944 ஏப்ரலில் இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் நடத்திய நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு வந்தது. பேராதனைப் பூங்காவே பட்டாளத்து அலுவலகமானது. எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ வீட்டை விட்டு வந்து, நாளை உயிரோடு இருப்போமா என்று தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்தார்கள். அவர்களில் இருவருக்கு இப்படியொரு மனசு இருந்திருந்தால் அதை எங்கே எழுதி வைப்பார்கள்? படைச் சட்டம் தண்டிக்கும். சாதாரணச் சிப்பாயின் கடிதத்தை அவனுடைய அதிகாரியே படித்த பிறகுதான் தபாலில் சேர்ப்பார்கள். நம் கதையில் அந்தக் கடிதக் காட்சிதான் மிக நன்றாக வந்திருக்கிறது. (மழையை மட்டும் எழுத்தாளர் கொஞ்சம் அதிகமாகப் பெய்யவிட்டிருக்கிறார். அதை அவரிடமே சொன்னேன்.)

எழுதி வைத்தவர்களும் உண்டு. பிரித்தானியப் படையில் இருந்த கில்பர்ட் பிராட்லிக்கு அவருடைய காதலர் கோர்டன் பவுஷர் போர்க்காலத்தில் எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்கள், 2008இல் பிராட்லி இறந்த பிறகு வெளியே வந்தன. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜி’ என்ற ஓரெழுத்து மட்டும். யாரோ ஒரு பெண் எழுதியவை என்றே முதலில் நினைத்தார்கள். ஒரு கடிதத்தில், என் கடிதங்களையெல்லாம் அழித்துவிடு என்று கெஞ்சுகிறார். இன்னொன்றில், மனிதர் தெளிந்த காலம் ஒன்றில் இவை அச்சில் வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று ஏங்குகிறார். பிராட்லி அழிக்கவில்லை. அடுப்பில் போட்டவர்கள் எத்தனை பேரோ.

கண்டி தெய்யன்னவெலயில் போர்க்கால மயானம் இருக்கிறது. போய்ப் பாருங்கள். பெயர், இலக்கம், படைப்பிரிவு, இறந்த நாள். சில கற்களின் அடியில் ஒரு வரி. அந்த வரியைச் சொல்லும் உரிமை குடும்பத்தாருக்கு இருந்தது. செத்தவனை நேசித்த இன்னொரு சிப்பாய்க்கு அது இல்லை.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டியிடம் இதைத்தானே கேட்டது? உன் தகப்பன் இங்கே பிறந்தானா, அவனுடைய தகப்பன் பிறந்தானா, காகிதம் எங்கே? லயத்துக் காம்பராவில் மருத்துவச்சி கைபட்டுப் பிறந்தவர்களுக்கு ஏது காகிதம்? லட்சக்கணக்கில் நாடற்றவர்களாய் நின்றோம். காகிதம் இல்லாததால் அந்தச் சனங்கள் இந்த மலையில் பிறக்கவே இல்லை என்று ஒருவன் சொன்னால் உங்களுக்கு உடம்பு பதறாதா? நம்மை நோகடித்த அதே கேள்வியை நீங்கள் இன்னொருவர் முன்னால் வைக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு அதுதான் வலித்தது.

வெள்ளைக்காரன் கொண்டுவந்ததைப் பற்றிச் சொன்னீர்கள். ஆம், ஒன்றைக் கொண்டுவந்தான். ‘இயற்கை ஒழுங்குக்கு மாறான’ உறவு குற்றம் என்று சொல்லும் 365ஆம் பிரிவு, 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கிறது. இந்த மலையில் தேயிலையை நட்ட ஆட்சி நட்டது அது. 1995இல் நம்முடைய பாராளுமன்றம் அதைத் திருத்தியபோது தளர்த்தவில்லை. 365அ பிரிவில் ‘ஆண்’ என்றிருந்ததை ‘ஆள்’ என்று மாற்றிப் பெண்களையும் உள்ளே இழுத்தது. நட்டவர்கள் தங்கள் நாட்டில் 1967இல் பிடுங்கத் தொடங்கினார்கள். படையினருக்கு இருந்த தடை 2000இல் நீங்கியது. 2023இல் அந்நாட்டுப் பிரதமர், துரத்தப்பட்ட படையினரிடம் அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். இந்தப் பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று நம் உயர் நீதிமன்றம் சொன்னதும் அதே 2023இல்தான்.

சம்பளத்தைப் பற்றி எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம், இனியும் எழுதுவோம். ஆனால் கொழுந்தெடுக்கிறவளின் மகனுக்கு வயிறு மட்டும்தான் உண்டு, மனசெல்லாம் பங்களாவில் இருப்பவர்களுக்கு என்பது துரைமார் நினைப்பு. நீங்கள் அதைப் பேசலாமா? ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கிற லயத்தில், இப்படியொரு ஆசையை ஒளித்துக்கொண்டு ஒரு பையன் வளர்வதை நினைத்துப் பாருங்கள். கதையில் அந்த இருவரும் ஒருவரையொருவர் ‘கூட்டாளி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் தோட்டங்களில் தினமும் காதில் விழுகிற சொல். பெயரும் முகவரியும் இல்லாமல் நான்கு வரியில் ஒரு கடிதம் எங்களுக்கு வந்திருக்கிறது. அந்தச் சொல்லைப் படித்துவிட்டு இரவு முழுக்கத் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறது. அதை நான் பிரசுரிக்கப் போவதில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உங்கள் சந்தாவில் மீதியுள்ள பணம் காசுக்கட்டளையாக வந்து சேரும். கதையின் இரண்டாம் பகுதி அடுத்த இதழில் வருகிறது.